கிளஸ்டரில் ஃபயர்ஒர்க்ஸ் நிறுவுதல்: எங்கே சிக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது

பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில், நூற்றுக்கணக்கான கணக்கீடுகளைக் கையால் ஒவ்வொன்றாக க்யூவில் (வேலைகள் காத்திருக்கும் வரிசையில்) போட்டு, எது முடிந்தது எது விழுந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பது சீக்கிரமே கைமீறிவிடும். அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பைத்தான் மென்பொருள்களில் ஒன்று ஃபயர்ஒர்க்ஸ். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் உருவானது. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை மாங்கோடிபி தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். ஸ்லர்ம், பிபிஎஸ் போன்ற க்யூ மேலாளர்களிடம் வேலையை ஒப்படைக்கும். விழுந்ததைத் திரும்ப ஓட்ட வழி தரும்.

சொந்த மடிக்கணினியில் இதை நிறுவச் சில நிமிடங்கள் போதும். கிளஸ்டரில் அதே காரியம் நாள்கணக்கில் இழுக்கிறது. காரணம், அங்கே உங்கள் முன்னால் இருப்பது ஒரே கணினி அல்ல. எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியே நீங்கள் நுழைவது லாகின் நோடு என்ற கணினி. வேலை ஓடுவது கம்ப்யூட் நோடில். மாங்கோடிபி இருப்பது மூன்றாவதாக வேறொரு சர்வரில். அமெரிக்காவில் நெர்ஸ்க் கணினி மையத்தின் பெர்ல்மட்டர் கிளஸ்டர் ஆனாலும், திருச்சி என்ஐடியில் 2022-இல் தொடங்கப்பட்ட பரம் பொருள் ஆனாலும், லாகின் நோடு வேறு, கம்ப்யூட் நோடு வேறு. லாகின் நோடில் ஒன்று ஓடியது என்பதால் கம்ப்யூட் நோடில் ஓடும் என்று சொல்ல முடியாது. நிறுவலில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் பிறக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கண்ணியையும் தனியாகச் சோதித்து, அது சரி என்று உறுதியான பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் கீழே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் அவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும். அடிக்கடி வரப்போகும் கட்டளைகள் மூன்று: தரவுத்தளத்தோடு பேசும் எல்பேட், வேலையை அந்த இடத்திலேயே ஓட்டும் ஆர்லாஞ்ச், வேலையை க்யூவுக்கு அனுப்பும் க்யூலாஞ்ச்.

எந்தப் பைத்தான்?

லாகின் நோடில் நுழைந்ததும் "பைத்தான்3 --வெர்ஷன்" என்று தட்டிப் பாருங்கள். ரெட் ஹேட் 8 குடும்பத்து இயங்குதளம் என்றால் பெரும்பாலும் 3.6 என்று வரும். பைத்தான் 3.6-க்கான ஆதரவு 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. இதில் ஒரு பொறி இருக்கிறது: பழைய பைத்தானில், தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியால் "பிப் இன்ஸ்டால் ஃபயர்ஒர்க்ஸ்" கொடுத்தால் பிழை எதுவும் வராமல் போகலாம். அந்தப் பைத்தானுக்குப் பொருந்தும் பழைய பதிப்பு ஒன்றைப் பிப் தானே தேடி அமைதியாக நிறுவிவிடும். பிறகு ஆவணத்தில் உள்ள கட்டளை உங்கள் கணினியில் மட்டும் இல்லை என்று திகைப்பீர்கள். நிறுவியதும் "எல்பேட் வெர்ஷன்" கொடுத்துப் பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

புதிய பைத்தான் கிளஸ்டரிலேயே மாட்யூலாக (மையத்தார் நிறுவிவைத்து, வேண்டும்போது நீங்கள் லோடு செய்யும் மென்பொருளாக) இருக்கும். "மாட்யூல் அவெயில் பைத்தான்" பட்டியலைக் காட்டும். ஒன்றை லோடு செய்துவிட்டுத் தனிச்சூழலை இப்படி உருவாக்குங்கள்:

பைத்தான்3 -எம் வென்வ் /ஹோம்/உங்கள்பெயர்/சூழல்/எஃப்டபிள்யூ

சூழலை "சோர்ஸ்" கட்டளையால் இயக்கிவிட்டு, முதல் வேலையாகப் பிப்பைப் புதுப்பியுங்கள். சிஸ்டத்தோடு வரும் பழைய பிப்புக்கு இன்றைய வீல் கோப்புகளின் (முன்பே கட்டிவைத்த தொகுப்புகளின்) பெயரே புரியாது. மெனிலினக்ஸ்2014 வகை வீல்கள் பிப் 19.3-இலிருந்துதான் தெரியும். புரியாத வீலை ஒதுக்கிவிட்டு மூலநிரலிலிருந்து கட்ட முயலும். பக்கம்பக்கமாக ஜிசிசி கம்பைலரின் பிழைகள் கொட்டும். அந்தப் பிழைகளைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் பிப் பதிப்பைப் பாருங்கள்.

வெறும் "பிப்" என்று தட்டாமல் எப்போதும் "பைத்தான் -எம் பிப்" என்று தட்டுவது நல்ல பழக்கம். எந்தப் பைத்தானுக்குள் நிறுவுகிறோம் என்ற சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும். "பெர்மிஷன் டினைடு" என்று வந்தால் நீங்கள் சூழலுக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று பொருள். சூடோ என்ற நிர்வாகி அதிகாரம் உங்களுக்குக் கிடைக்காது, தேவையும் இல்லை.

"--யூசர்" கொடுத்து நிறுவும் வழியைப் பல பழைய குறிப்புகள் சொல்கின்றன. கிளஸ்டரில் அதைத் தவிருங்கள். உங்கள் ஹோம் அடைவில் ".லோக்கல்" என்ற மறைவு அடைவுக்குள் போய் உட்காரும் அந்தத் தொகுப்புகள், நீங்கள் பின்னாளில் கோண்டா என்ற இன்னொரு கருவியால் உருவாக்கும் சூழல்களுக்குள்ளும் தலைநீட்டும். புதிய சூழலில், மாங்கோடிபியோடு பேசும் பைமாங்கோவின் சரியான பதிப்பு இருந்தும், பழையது வந்து முன்னால் நிற்கும். ஏற்கெனவே அப்படி நிறுவியிருந்தால், பைத்தான்நோயூசர்சைட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் ".லோக்கல்" பக்கம் பைத்தான் திரும்பாது. சில மாட்யூல்கள் பைத்தான்பாத் மாறியை நிரப்பிவிடுவதும் இதே குழப்பத்தை உண்டாக்கும். "எக்கோ" கொடுத்து அது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கோப்பு உண்மையில் எடுக்கப்படுகிறது என்பதை அறிய, பைத்தானுக்குள் ஃபயர்ஒர்க்ஸை இம்போர்ட் செய்து அதன் "__ஃபைல்__" மதிப்பை அச்சிடுங்கள். பாதை உங்கள் சூழலுக்குள் இருந்தால் சரி.

இடம், இணையம், செயலி

"டிஸ்க் கோட்டா எக்ஸீடெட்" என்ற செய்தி வந்தால் அளவை மட்டும் பார்க்காமல் கோப்புகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். பல மையங்கள் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கின்றன. கோண்டா சூழல் ஒன்றே பல்லாயிரம் சிறு கோப்புகளைக் கொட்டும். பிப்பின் தற்காலிகச் சேமிப்பும் ஹோமிலேயே வளர்கிறது. "பிப் கேஷ் பர்ஜ்" அதைக் காலிசெய்யும்.

இடமில்லை என்று சூழலை ஸ்க்ராட்ச் என்ற தற்காலிக அடைவில் வைக்காதீர்கள். பல மையங்களில் ஸ்க்ராட்சில் சில வாரங்கள் தொடப்படாத கோப்புகள் தானாக அழிக்கப்படும். சூழல் முழுவதும் ஒரேயடியாக அழிந்தால் உடனே புரிந்துவிடும். அழிவதோ அங்கொன்றும் இங்கொன்றுமாக, நீங்கள் அரிதாகத் தொடும் கோப்புகள்தான். நேற்றுவரை ஓடியது இன்று "மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்" என்று நிற்கும். யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். மையம் ப்ராஜெக்ட் அடைவு தந்தால் சூழலுக்கு அதுவே நல்ல இடம். சூழலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தவும் கூடாது: எல்பேட் போன்ற கோப்புகளின் முதல் வரியில் பைத்தானின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கிறது. நகர்த்தினால் "பேட் இன்டர்ப்ரெட்டர்" என்று வரும். மையத்தார் பழைய பைத்தான் மாட்யூலை நீக்கிவிட்டாலும் இதே செய்திதான். இரண்டுக்கும் தீர்வு, சூழலை அழித்துப் புதிதாகக் கட்டுவது. அதற்காகவே "பிப் ஃப்ரீஸ்" வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.

லாகின் நோடுக்கே இணையம் இல்லாத மையங்களும் உண்டு. இணையத்துக்கு இடைவழியான ப்ராக்ஸி இருக்கிறதா என்று மையத்தின் கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால், இணையமுள்ள லினக்ஸ் கணினியில் "பிப் டவுன்லோடு" மூலம் வீல்களை ஒரு அடைவில் இறக்கி, அந்த அடைவை எஸ்சிபி மூலம் கிளஸ்டருக்கு நகலெடுத்து, "--நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்" கொடுத்து நிறுவலாம். இரண்டு பக்கமும் பைத்தான் பதிப்பும் செயலி வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் பதிப்பையும் "எல்டிடி --வெர்ஷன்" கொடுத்து ஒப்பிடுங்கள்: மெனிலினக்ஸ்_2_28 என்று பெயரிட்ட வீல், ஜிலிப்சி 2.17 உள்ள சென்டோஸ் 7-இல் ஏறாது.

லாகின் நோடு எக்ஸ்86 செயலியிலும் கம்ப்யூட் நோடு ஆர்ம் செயலியிலும் ஓடும் மையங்களில் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" வரும். இரண்டு நோடிலும் "யூநேம் -எம்" கொடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சூழலைக் கம்ப்யூட் நோடில் வைத்தே கட்ட வேண்டியிருக்கும்.

மாங்கோடிபியை எட்டுவது

புதிதாக வருபவர்கள் அதிக நேரம் இழக்கும் இடம் இதுதான். மாங்கோடிபியை லாகின் நோடில் ஓட்ட நினைக்காதீர்கள். நீண்ட நேரம் ஓடும் நிரல்களை அங்கே நிறுத்திவிடுவார்கள். மையமே தரவுத்தளச் சேவை தருகிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் துறையின் சர்வர் ஒன்று, அல்லது மாங்கோடிபி அட்லஸ் போன்ற இணையச் சேவை.

"எல்பேட் இனிட்" கட்டளை ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளப் பெயர், பயனர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்டு மை_லாஞ்ச்பேட்.யாமல் என்ற அமைப்புக் கோப்பை எழுதித் தரும். போர்ட் வழக்கமாக 27017. அட்லஸ் தரும் நீண்ட முகவரியைப் பயன்படுத்துவதானால், அதை ஹோஸ்ட் இடத்தில் முழுதாக இட்டு, யூஆர்ஐ_மோட் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். அந்த முகவரிக்குள் வரும் கடவுச்சொல்லில் @ போன்ற குறி இருந்தால் %40 என்று மாற்றி எழுதுங்கள். இல்லையேல் பைமாங்கோ அந்த முகவரியை ஏற்காமல் பிழை காட்டும். கடவுச்சொல் இந்தக் கோப்பில் அப்பட்டமாக இருப்பதால் "சிஹெச்மோட் 600" கொடுப்பது கட்டாயம். கிளஸ்டரில் உங்களோடு நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது "எல்பேட் கெட்_டபிள்யூஃப்ளோஸ்" கொடுங்கள். வெற்றுப் பட்டியல் வந்தால் இணைப்பு சரி. அரை நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு "சர்வர்செலெக்ஷன்டைம்அவுட்எரர்" என்று வந்தால் கலங்க வேண்டாம்: பைமாங்கோ சர்வரைத் தேடக் காத்திருக்கும் இயல்பான நேரம் 30 நொடி. அந்தப் பிழையின் உள்ளே இருக்கும் சொற்களே எங்கே உடைந்தது என்று சொல்லிவிடும்.

அதில் "லோக்கல்ஹோஸ்ட்:27017" என்று இருக்கிறதா? நீங்கள் எழுதியது வேறு சர்வர் என்றால், உங்கள் கோப்பை யாரும் படிக்கவே இல்லை. கோப்பு கிடைக்காதபோது எல்பேட் தன் கணினியிலேயே தரவுத்தளம் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. வலையமைப்பைச் சந்தேகிக்க வேண்டாம்; கோப்பு இருக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

சர்வரின் பெயர் சரியாக இருந்து "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்தால், அந்தக் கணினிவரை போய்விட்டீர்கள், அங்கே கதவைத் திறக்க ஆளில்லை. மாங்கோடிபி ஓடவில்லை, அல்லது 127.0.0.1-இல் மட்டும் காது கொடுக்கிறது, 3.6 பதிப்பிலிருந்து அதுவே இயல்புநிலை. சர்வரின் அமைப்புக் கோப்பில் பைண்ட்ஐபி வரியை மாற்ற வேண்டும். "டைம்டு அவுட்" என்றால் வழியில் ஃபயர்வால் விழுங்குகிறது. அட்லஸில் இதற்குப் பொதுவான காரணம், கிளஸ்டரின் வெளி ஐபி அனுமதிப் பட்டியலில் இல்லாதது. "நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்" என்றால் பெயரே பிழை. "ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" வந்தால் ஒரு வகையில் நல்ல செய்தி, பாதை முழுவதும் திறந்திருக்கிறது. பயனர் கணக்கு அட்மின் தரவுத்தளத்தில் உருவாக்கப்பட்டிருந்தால், யாமல் கோப்பில் ஆத்சோர்ஸ் என்பதற்கு அட்மின் என்று கொடுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

துறையின் சர்வரில் நீங்களே மாங்கோடிபி நிறுவுகிறீர்கள் என்றால், கடவுச்சொல் இல்லாமல் ஒருநாளும் வெளியே திறந்துவிடாதீர்கள். 2017 ஜனவரியில் அப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பிணைத்தொகை கேட்டார்கள். "சோதனைக்குத்தானே" என்று திறந்துவைப்பது பல மாத முடிவுகளைப் பணயம் வைப்பதாகும்.

எல்பேட் ரீசெட் கட்டளையை முதல் முறை மட்டும், காலியான தரவுத்தளத்தில் மட்டும் ஓட்டுங்கள். அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். துடைக்கும் முன் உறுதிதானா என்று கேட்கும்; கைதவறி அழித்துவிடாமலிருக்க வைத்த தடை அது. குழுவுக்குப் பொதுவான தரவுத்தளத்தில், பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து இதைத் தட்டிவிட்டால் மற்றவர்களின் வேலைப் பட்டியலும் போய்விடும். ஆளுக்கொரு தரவுத்தளப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகள் எங்கே இருக்க வேண்டும்

மை_லாஞ்ச்பேட்.யாமல் (தரவுத்தள விவரம்), மை_எஃப்வொர்க்கர்.யாமல் (எந்த வேலைகளை எடுக்கலாம் என்பது), மை_க்யூஅடாப்டர்.யாமல் (க்யூ விவரம்) மூன்றையும் ஒரே அடைவில் வையுங்கள். எஃப்டபிள்யூ_கான்ஃபிக்.யாமல் என்ற நான்காவது கோப்பில் கான்ஃபிக்_ஃபைல்_டிர் என்பதற்கு அந்த அடைவின் முழுப் பாதையைக் கொடுத்து, அந்த நான்காவது கோப்பின் பாதையை எஃப்டபிள்யூ_கான்ஃபிக்_ஃபைல் என்ற சூழல் மாறியில் ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு எந்த அடைவிலிருந்தும் எல்பேட் ஓடும். பாதையை / இல் தொடங்கி முழுதாக எழுதுங்கள். ஹோமைக் குறிக்கும் ~ குறியை விரித்துத் தருவது ஷெல்தான், யாமல் அல்ல.

யாமல் என்பது இந்த அமைப்புக் கோப்புகளின் எழுத்துமுறை. அதில் டேப் விசை ஆகாது, இடைவெளி மட்டுமே. முக்காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி வேண்டும். எண்கள் மட்டுமே உள்ள கடவுச்சொல்லை மேற்கோளுக்குள் இடுங்கள். விண்டோஸில் திருத்திய கோப்பு என்றால் "டாஸ்2யூனிக்ஸ்" ஓட்டிவிடுங்கள். இல்லையேல் ஸ்லர்ம் "டாஸ் லைன் பிரேக்ஸ்" என்று வேலையைத் திருப்பி அனுப்பும்.

கம்ப்யூட் நோடுக்குள் ஒரு பார்வை

க்யூவுக்கு எதையும் அனுப்பும் முன், "எஸ்ரன் --பிடிஒய் பேஷ்" மூலம் ஒரு கம்ப்யூட் நோடுக்குள் பத்து நிமிடம் நுழையுங்கள். கணக்கு, பார்ட்டிஷன் (நோடுகளின் பிரிவு) பெயர்கள் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் மூன்று கேள்விகள்: "விச் எல்பேட்" உங்கள் சூழலைக் காட்டுகிறதா? "என்சி -வி -இசட்" கட்டளைக்குச் சர்வர் பெயரும் 27017-உம் கொடுத்தால் இணைகிறதா? "எல்பேட் கெட்_டபிள்யூஃப்ளோஸ்" ஓடுகிறதா? இந்தப் பத்து நிமிடம், க்யூவில் மணிக்கணக்கில் காத்திருந்து ஒரு நொடியில் செத்துவிழும் வேலைகளிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

ஓடினால் சின்ன வேலை ஒன்றைச் சேருங்கள். "எல்பேட் ஆட்_ஸ்கிரிப்ட்ஸ்" கட்டளைக்கு 'எக்கோ "வணக்கம்"' என்று கொடுத்தால் ஒரு படி வேலை உருவாகும். "ஆர்லாஞ்ச் சிங்கிள்ஷாட்" அதை அங்கேயே ஓட்டும். பட்டியலில் அது கம்ப்ளீட்டட் ஆகிவிட்டால், க்யூ தவிர எல்லாம் தயார்.

க்யூ அடாப்டர்

மை_க்யூஅடாப்டர்.யாமலில் க்யூ வகை, நோடு எண்ணிக்கை, நேரம், கணக்கு, பார்ட்டிஷன் ஆகியவற்றோடு, கம்ப்யூட் நோடில் ஓட வேண்டிய கட்டளையைச் சொல்லும் ராக்கெட்_லாஞ்ச் வரியும் இருக்கும். அந்த வரியில் ஆர்லாஞ்சுக்கு "-சி" கொடுத்து உங்கள் அமைப்பு அடைவின் முழுப் பாதையையும் சேருங்கள்.

மாட்யூல் லோடு, சூழலை இயக்கும் வரி இரண்டையும் ப்ரீ_ராக்கெட் பகுதியில் எழுதுங்கள். இவை இல்லாமலும் வேலை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லர்ம் இயல்பாகவே நீங்கள் நிற்கும் ஷெல்லின் சூழல் மாறிகளை வேலைக்குள் எடுத்துச் செல்வதுதான் காரணம். இது பிழையை மூடிமறைக்கும் வசதி. நாளை, நேரம் வைத்து ஓட்டும் க்ரானிலிருந்தோ சூழலை இயக்காத ஷெல்லிலிருந்தோ அனுப்பும்போது "ஆர்லாஞ்ச்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று நிற்கும். முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நேரத்தை எப்போதும் மேற்கோளுக்குள் '24:00:00' என்று இடுங்கள். யாமல் 1.1 விதிப்படி படிக்கும் நிரல்கள் மேற்கோளில்லாத அந்த எண்ணை 60-அடிமான எண்ணாக எடுத்து 86400 ஆக்கிவிடும். ஸ்லர்முக்குத் தனி எண் என்றால் நிமிடம். ஆக, ஒரு நாள் கேட்ட நீங்கள் அறுபது நாள் கேட்டதாகி, "டைம் லிமிட் இஸ் இன்வேலிட்" என்று பதில் வரும்.

"க்யூலாஞ்ச் சிங்கிள்ஷாட்" கொடுத்ததும் அந்த அடைவில் எஃப்டபிள்யூ_சப்மிட்.ஸ்கிரிப்ட் என்ற கோப்பு உருவாகும். அதைத் திறந்து படியுங்கள். ஃபயர்ஒர்க்ஸ் ஸ்லர்மிடம் கொடுப்பது அந்தக் கோப்பைத்தான். சந்தேகம் இருந்தால் கையாலேயே "எஸ்பேட்ச்" கொடுத்துப் பாருங்கள். "இன்வேலிட் அக்கவுண்ட்" என்றால் சிக்கல் உங்கள் கணக்கு, பார்ட்டிஷன் பெயர்களில், பைத்தானை விட்டுவிடலாம். "நோ ஜாப்ஸ் எக்ஸிஸ்ட்" என்று வந்தும் பட்டியலில் ரெடி நிலையில் வேலை இருக்கிறதென்றால், மை_எஃப்வொர்க்கரில் உள்ள கேட்டகரி அல்லது க்வெரி வரி அந்த வேலையோடு பொருந்தவில்லை.

ஒன்று ஓடிய பிறகே, பலவற்றை அடுத்தடுத்து அனுப்பும் "ராப்பிட்ஃபயர்". அதோடு "-எம்" கொடுத்து க்யூவில் ஒரே நேரத்தில் எத்தனை என்று வரம்பு கட்டுங்கள். தொடக்கத்தில் 2 அல்லது 3 போதும். நீண்ட நேரம் ஓட்ட, இணைப்பு அறுந்தாலும் நிற்காத டீமக்ஸில் போட்டால் "ஹோஸ்ட்நேம்" கொடுத்து நோடின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். லாகின் நோடுகள் பல இருக்கும் மையத்தில் அடுத்த முறை வேறொன்றில் இறங்குவீர்கள்; டீமக்ஸ் காணாமல் போனதுபோலத் தோன்றும்.

கம்ப்யூட் நோடுக்கு வெளித்தொடர்பே இல்லையென்றால்

என்சி சோதனை லாகின் நோடில் வென்று கம்ப்யூட் நோடில் தோற்றால் இதுதான் நிலை. ஆஃப்லைன் முறை இதற்காகவே இருக்கிறது. ராக்கெட்_லாஞ்ச் வரியில் "ஆர்லாஞ்ச் சிங்கிள்ஷாட் --ஆஃப்லைன்" என்று மாற்றி, "க்யூலாஞ்ச் -ஆர்" என்று முன்பதிவு முறையில் அனுப்புங்கள். வேலையின் விவரம் லாகின் நோடிலேயே கோப்பாக எழுதப்பட்டுவிடும். கம்ப்யூட் நோடு அந்தக் கோப்பைப் படித்து ஓட்டி, முடிவையும் கோப்பாகவே வைக்கும். பிறகு லாகின் நோடில் "எல்பேட் ரிகவர்_ஆஃப்லைன்" ஓட்டினால்தான் தரவுத்தளத்துக்குச் செய்தி போகும். அதை ஓட்டும்வரை முடிந்த வேலையும் பட்டியலில் முடியாததாகவே தெரியும். ஏதோ உடைந்துவிட்டது என்று எண்ணி அதைத் திரும்ப அனுப்பிவிடாதீர்கள். அதுவரை வேலை ஓடிய அடைவுகளை அழிக்கவோ நகர்த்தவோ கூடாது.

அசையாமல் நிற்கும் வேலைகள்

ஸ்லர்ம் நேரம் முடிந்து கொன்றுவிட்ட வேலைக்குத் தன் சாவைத் தரவுத்தளத்தில் பதிவுசெய்ய அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே பட்டியலில் அது ரன்னிங் என்றே நிற்கும். ஓடும் வேலை மணிக்கொரு முறை தரவுத்தளத்துக்குத் துடிப்பு அனுப்புகிறது. நான்கு மணி நேரம் துடிப்பு இல்லாததை "எல்பேட் டிடெக்ட்_லாஸ்ட்ரன்ஸ்" கண்டுபிடிக்கும். "--ரீரன்" சேர்த்தால் மீண்டும் தயார்நிலைக்கு வரும், "--ஃபிஸில்" சேர்த்தால் தோற்றதாகக் குறிக்கும். க்யூவில் ரத்துசெய்யப்பட்டு ரிசர்வ்டு (முன்பதிவானது) என்றே நிற்பவற்றுக்கு "டிடெக்ட்_அன்ரிசர்வ்டு". அதன் இயல்பான காத்திருப்பு 14 நாள் என்பதால் "--டைம்" கொடுத்து நொடிகளில் குறைக்க வேண்டும். அதற்கு முன் "எஸ்க்யூ" பார்த்து அந்த வேலை உண்மையில் க்யூவில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஃபிஸில்டு என்றால் வேலைக்குள்ளேயே பிழை. "எல்பேட் கெட்_எஃப்டபிள்யூஸ்" கட்டளைக்கு "-ஐ" கொடுத்து வேலையின் எண்ணையும், "-டி ஆல்" என்பதையும் சேர்த்தால் பைத்தானின் பிழைத்தடம் முழுதாக வரும். நீங்களே எழுதிய ஃபயர்டாஸ்க் (வேலையின் ஒரு படி) கிடைக்கவில்லை என்று இருந்தால், அந்த நிரலை ஒரு சிறு தொகுப்பாக்கி "பிப் இன்ஸ்டால் -இ" மூலம் அதே சூழலில் நிறுவுங்கள். பைத்தான்பாத் மாறியில் ஒட்டுப்போடுவதைவிட அது உறுதியானது.

இத்தனைக்கும் பிறகு மையத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டிவந்தால், "வேலை ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. வேலை எண், அது ஓடிய நோடின் பெயர், நேரம், பிழைச் செய்தி திரையில் வந்தபடியே, "மாட்யூல் லிஸ்ட்" வெளியீடு, "விச் பைத்தான்" வெளியீடு, எஃப்டபிள்யூ_சப்மிட்.ஸ்கிரிப்ட் கோப்பு ஆகியவற்றை இணையுங்கள். கூடவே என்சி சோதனை எந்த நோடில் வென்றது, எதில் தோற்றது என்று ஒரு வரி. மை_லாஞ்ச்பேட்.யாமலை மட்டும் அனுப்பாதீர்கள், அதில் கடவுச்சொல் இருக்கிறது.